இலோனா கிரேயின் தோளுக்குப் பின்னால்

நெல்சன், லங்காஷயர்
நவம்பர் 28

அன்புள்ள லொரேனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் பூனையும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலைப் பற்றி மட்டும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அங்கே நீயும் கிரஹாமும் பிள்ளைகள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். பூமியின் அந்தக் கோடியில் உங்கள் டனீடினில் இப்போது வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே போன வாரமே முதல் உறைபனி விழுந்துவிட்டது, கொல்லைக் குழாய் உறைந்துபோய்விட்டது, பக்கத்து வீட்டு பஷீர் வந்து வெந்நீர் ஊற்றி இளக்கிக் கொடுத்தார். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, ஒன்றைப் பூனை எடுத்துக்கொண்டது, மற்றொன்றை நான் கால் மாற்றிக் கால் போட்டுக்கொள்கிறேன். காது மெஷினுக்குப் புது பாட்டரி போட்டிருக்கிறார்கள், அதனால் தெருவில் போகிற பஸ் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, மனுஷர் பேசுவது பழையபடிதான். அம்மாவோடு ஒரே தறி வரிசையில் நின்ற வின்னிக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து இப்போது கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை போய் வருகிறாள், போகிற வழியில் எல்லோரையும் திட்டிக்கொண்டே போகிறாள் என்பதால் குணமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, முதலில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. பேச்சுக்கு நடுவில் நீ சத்தத்தை அணைத்துவிட்டு கிரஹாமிடம் ஏதாவது சொல்வாய். நாய் குரைக்குதுப்பா, அதான் அணைச்சேன் என்பாய். முப்பத்தோரு வருஷம் தறிக்கூடத்து இரைச்சலில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் படித்துக் காலம் தள்ளியவன் நான், எனக்குச் சத்தம் எதற்கு? சத்தம் இருக்கும்போது புரிவதைவிட இல்லாதபோதுதான் நீ பேசுவது எனக்குத் தெளிவாகப் புரிகிறது. இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்புதான், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போலத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் கிரஹாம் உன்னிடம் கிறிஸ்துமஸுக்கு அப்பாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். நீ திரும்பி, "அந்த வீட்டுக்குள்ள எப்படிக் காலை வைக்கிறது கிரஹாம்? கடைசி வரைக்கும் எங்கம்மா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. போகாதேன்னு ஒரு வார்த்தை, இத்தனை வருஷத்துல ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ நாற்காலியப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?" என்றாய். பிறகு சத்தத்தைப் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் கஷ்டம்ப்பா, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு என்றாய். அதுக்கென்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றேன் நான். உங்கள் ஊரில் டிசம்பரில் பள்ளிக்கூடம் லீவு என்பது எனக்குத் தெரியும் லொரேன். நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, அம்மாவுக்காகப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லையே என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன். இப்போது இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இலோனா கிரேயைப் பற்றி எடுத்த படம் உங்கள் ஊருக்கு வந்ததா என்று தெரியவில்லை. இலோனா கிரே என்றால் ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவள், பதினாறு வயதில் நான் அலமாரிக் கதவின் உட்பக்கம் அவள் படத்தை ஒட்டி வைத்திருந்தேன், கல்யாணம் ஆன பிறகும் அதை எடுக்காததால் உன் அம்மா சாகும்வரை அவளை "உன் ஆளு" என்றே சொல்வாள். டிவியில் பழைய படம் வந்தால் சமையலறையிலிருந்தே, "கிளிஃப், உன் ஆளு வந்திருக்கா, மூஞ்சி கழுவிக்கிட்டு வந்து உக்காரு" என்று கூப்பிடுவாள். அந்த இலோனா கிரே வயதாகி, வாய்ப்பெல்லாம் போய், எழுபத்தெட்டாம் வருஷக் குளிர்காலத்தில் வடக்கே ஏதோ ஒரு ஊரில் குழந்தைகளுக்குப் போடுகிற கிறிஸ்துமஸ் நாடகத்தில் பொல்லாத ராணியாக வேஷம் கட்ட வருகிறாள், அதுதான் கதை. கதையில் ஊர் வேறு. ஆனால் எழுபத்தெட்டில் இருந்தது போலவே இன்னும் இருக்கிறது என்று படம் எடுப்பவர்கள் நம் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள், நகராட்சிக்காரர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் வந்து, சந்தை வாசல் டீக்கடையை அப்படியே பழையபடி மாற்றி, கடைக்குள் உட்கார்ந்திருக்க வயதானவர்கள் வேண்டும் என்று நூலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். வின்னிதான் உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா அந்தப் பெரிய பொத்தான் வைத்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். காதில் ஏதோ செருகியிருந்த சின்னப் பெண் ஒருத்தி வந்து, "சத்தமே வரக் கூடாது, பேசுற மாதிரி வாயை மட்டும் அசைக்கணும், முடியுமாம்மா?" என்று கேட்டாளாம். வின்னி அதற்கு, "அதுக்குத்தாண்டி முப்பது வருஷம் எங்களுக்கு மில்லுல சம்பளம் குடுத்தாங்க" என்றாளாம். அன்று சாயங்காலம் அம்மா வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "உன் ஆளா நடிக்கிற பொண்ணு மூணு மணி நேரம் அழுதா, நாங்க மூணு மணி நேரம் ஆறிப்போன டீய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். உன் ஆளு அளவுக்கு அழகில்ல, வருத்தப்படாத." அது ஜனவரி. மே மாதம் அவள் போய்விட்டாள். படம் வெளியே வர அதற்குமேல் இரண்டு வருஷத்துக்கும் அதிகமாகிவிட்டது, நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் அம்மாவின் போட்டோ நிறைய இருக்கிறது, எல்லாவற்றிலும் யாரோ பிடித்து நிற்க வைத்தது போல விறைத்துக்கொண்டு நிற்கிறாள். அசைகிற அம்மா நம்மிடம் ஒன்றுகூட இல்லை. அவள் கோப்பையைத் தூக்குவதை இன்னொரு தரம் பார்த்தால் போதும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வயதானவர்களுக்கென்று ஒரு காட்சி போடுகிறார்கள், உள்ளே போகும்போதே ஒரு கோப்பை டீயும் இரண்டு பிஸ்கட்டும் கையில் கொடுத்துவிடுகிறார்கள், கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் நானும் வின்னியும் போனோம். பழைய தறிக்கூடம் பாதி அங்கேதான் இருந்தது. படம் ஆரம்பித்ததும் அவரவர் குறை சொல்லத் தொடங்கினார்கள், அந்த வருஷம் பஸ் அந்த நிறத்தில் ஓடவில்லை, அந்தச் சுவர்க் காகிதம் எங்கள் மாமியார் வீட்டில் இருந்தது, அவர்கள் அதை எடுத்துக் கொளுத்தினதே எழுபத்து மூன்றில், இப்படி. எல்லாம் தறிப்பேச்சில்தான், வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை, அதனால் டார்ச் வைத்திருந்த பையனுக்கு உஷ் என்று அதட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. இலோனாவாக நடித்தவள் இங்கிலீஷ்காரப் பெண், நல்ல நடிகைதான், கண்ணில் அந்தப் பழைய திமிரைக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் குரலில் அமெரிக்கா இருந்ததே தவிர வாயசைவில் தெற்கே கென்ட் பக்கம்தான் இருந்தது, பஷீர் இரண்டு வரிசை முன்னாலிருந்து திரும்பி என்னிடம் வாயசைத்து, "இவ லண்டனுக்கு அந்தப் பக்கம்யா" என்றார், அவரும் நம் மில்லில் இருபது வருஷம் இருந்தவர்தானே. குழந்தைகள் அவளைப் பார்த்து ஊளையிடும் காட்சியில் எனக்கு மனசு என்னவோ செய்தது. வேஷத்துக்கு ஊளையிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் மேடைக்குப் பின்னால் போய்த் தன் பழைய போட்டோவை எடுத்துப் பார்க்கிறாள். வயதான காலத்தில் ஆள் தெரியாத ஊரில் ஒருத்தி தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்க யாருக்குத்தான் தாங்கும்.

பிறகு டீக்கடை வந்தது. இலோனா தனியாக உட்கார்ந்து, டீ ஊற்றும் பெண்ணிடம் தான் யார் என்று சொல்கிறாள், அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. இலோனாவின் இடது தோளுக்குப் பின்னால், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்து மேஜையில், வின்னியின் முதுகும், வின்னிக்கு எதிரே உன் அம்மாவும். லொரேன், அவள் அசைந்தாள். கோட்டுக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள், கோப்பையைத் தொட்டுப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள், நீ சின்ன வயதில் மருந்து குடிக்கும்போது சுருக்குவாயே அதே மாதிரி. முன்னால் இலோனா கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள், பின்னால் அம்மா வின்னியிடம், "தொடாதடி, காலைல ஆறு மணிக்கு ஊத்தினது, ஈ கூட வேணாம்னு போயிடுச்சு" என்றாள். அரங்கில் இருபது கிழடுகள் ஒரே நேரத்தில் சிரித்தோம். துணைக்கு வந்திருந்த இளசுகள், இந்த அழுகைக்குச் சிரிக்கிறார்களே, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விழித்தார்கள். அடுத்து அம்மா இலோனாவை ஓரக்கண்ணால் பார்த்து, "ஒட்டுமுடி நழுவுது பாரு, யாராச்சும் போய்ச் சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரன் பாத்தா இதுக்கும் மயங்கி விழுவான்" என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது, இந்த வயதில் எனக்கு முகம் சிவந்தது. அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் முகம் மாறியது. படத்தில் பின்பக்கம் கொஞ்சம் மங்கலாகிவிட்டது, ஆனால் அந்த வாய் மங்கலாக இருந்தாலும் எனக்குத் தெரியாதா. "ஞாயித்துக்கிழமை லொரேன் போன் அடிச்சா. நான் எடுக்கல, போன் மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன். எடுத்து என்ன பேசறது? போன தடவ வந்திருந்தப்ப கேட்டாளே, போகாதன்னு ஒரு தடவையாச்சும் சொன்னியாம்மான்னு. நான் சொன்னேன் வின்னி. அன்னிக்கே நான்" என்றாள், அந்த நேரம் பார்த்து இலோனா கிரே கைப்பையை எடுக்க நிமிர்ந்தாள், அவள் தோள் வந்து உன் அம்மாவின் வாயை மறைத்துவிட்டது. நெற்றியும் பெரிய பொத்தானும் மட்டும்தான் தெரிந்தது, அந்த நெற்றி அசைந்துகொண்டே இருந்தது, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தோள் விலகியபோது வாயை மூடிக்கொண்டு கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது. இந்தத் தடவை அரங்கில் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வின்னியைக் கேட்டேன், எதிரே உட்கார்ந்திருந்தவள் நீதானே, என்ன சொன்னாள் என்று. சொல்ல மாட்டேன் என்று வின்னி தலையை ஆட்டிவிட்டாள். "தறிக்கு மேல வாயப் பாத்துப் படிச்சத வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா கிளிஃப்? மேஸ்திரியா இருந்தவன் நீ" என்றாள். அவள் சொன்னது சரிதான். வரிசையில் ஒருத்தி வாயைத் திறந்தால் முப்பது பேர் படிக்க முடியும் என்கிற இடத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாவிட்டால் குடும்பம் நடத்த முடியுமா, எத்தனை ரகசியம் அந்தக் கூரைக்கு அடியிலேயே கிடந்து மக்கிப்போயிருக்கிறது. இருந்தாலும் எனக்குக் கோபம் வந்து அவளோடு பேசாமல் அடுத்த பஸ்ஸில் வந்தேன். வியாழக்கிழமை மறுபடி படத்துக்குப் போனேன். சனிக்கிழமையும் போனேன். என்ன செய்தேன் தெரியுமா, இடது ஓரத்துக் கடைசி இருக்கையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன், அங்கிருந்து பார்த்தால் அந்தத் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிடலாம் என்பது போல. கழுத்தைக் கூட நீட்டினேன் லொரேன், எழுபத்து நாலு வயதில். ஊரே இலோனாவின் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது, நான் ஒருவன்தான் கொஞ்சம் நகர்ந்துகொள்ளேன் தாயே என்று அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவில் இருந்தவளை அத்தனை வருஷம் நான் வெறுத்தது இல்லை, அந்த இரண்டு நாள் வெறுத்தேன். டிக்கெட் கொடுக்கும் பெண், "இலோனா கிரேன்னா உங்களுக்கு அவ்வளவு பிரியமா?" என்று கேட்டாள். சின்ன வயசுலேர்ந்தும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று முன்தினம் வின்னி வீட்டுக்கு வந்தாள். கையில் பார்கின் கேக் ஒரு டப்பா, இஞ்சி தூக்கலாகப் போட்டது, அம்மாவுக்குப் பிடித்த விதம். சமையலறையில் அம்மாவின் நாற்காலியில் உட்காராமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு, "மூணு தடவ போனியாமே, அந்த டிக்கெட் பொண்ணு எங்க தெரு. அந்தக் காது மெஷினக் கழட்டி வை" என்றாள். கழற்றி வைத்தேன். "நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாத. நான் சொல்லப் போறதில்ல. நீயா படிச்சுக்கோ" என்று வாயசைத்தாள். பிறகு உன் அம்மா அன்று பேசியதை அவள் பேசியபடியே, கையை நெஞ்சில் வைப்பது முதற்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் எனக்குச் சொன்னாள். நான் அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

"நான் சொன்னேன் வின்னி. அன்னிக்கே நான் சொன்னேன். டாக்ஸி கிளம்பறப்ப முன்னறை ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போகாதடி, போகாத, இங்கயே இருந்துடுன்னு மூணு தரம் சொன்னேன். எனக்குச் சத்தம் வரல, வாய்தான் வந்துச்சு. அவ என்னையே பாத்தா. சிரிச்சுக்கிட்டுக் கையாட்டினா. தெரிஞ்சும் போறாளேன்னு நெஞ்சு வெடிச்சுது. டாக்ஸி முக்குத் திரும்பினப்புறந்தான் உறைச்சுது, அந்தப் புள்ளைக்குத்தான் நாங்க சொல்லியே குடுக்கலையே." இதைத்தான் இலோனா கிரேயின் தோள் மறைத்தது. ஏண்டி இதை அவகிட்டயே சொல்லித் தொலைக்கக் கூடாது என்று வின்னி கேட்டிருக்கிறாள். "அவளுக்கு அங்க ஒரு வீடு, ஒரு வாழ்க்கை இருக்கு. இப்பப் போய் அன்னிக்குப் போகாதன்னு அழுதேன்னு சொன்னா அவ அங்கயும் நிம்மதியா இருக்க மாட்டா, இங்கயும் வர முடியாது. ஆனா இந்தத் தடவ அடிச்சா எடுத்துடுவேன் வின்னி" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் யாரோ கத்தி எல்லோரையும் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவள் எடுப்பதற்குள் உடம்பு விழுந்துவிட்டது. மருத்துவமனையில் நீ பேசியபோது போனை அவள் காதில் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், முகத்தில் ஆக்ஸிஜன் மூடி போட்டிருந்தார்கள், அதற்குள் வாய் அசைந்தது எனக்குத் தெரியும், என்ன என்று தெரியாது. நீ அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல் அழுதது மட்டும் எனக்குத் தெரியும்.

உனக்கு நாங்கள் தறிப்பேச்சு சொல்லித் தராததற்குக் காரணம் கிறிஸ்துமஸ் பரிசை ஒளித்து வைப்பதற்கு என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். சொல்லிக் குடுங்கப்பா என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாய், நான் ஒரு நாள் இரண்டு வார்த்தை சொல்லியும் கொடுத்தேன், அன்றைக்கு அம்மா என்னோடு போட்ட சண்டை உனக்குத் தெரியாது. தறிப்பேச்சு கத்துக்கிட்டா தறிக்குத்தான் போவா, எம்பொண்ணு காது கேக்கிற இடத்துல வேலை செய்யணும் என்றாள். அதனால்தான். அப்படி வளர்த்த பெண்ணிடம் போய், சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தையை அந்தப் பேச்சிலேயே சொல்லியிருக்கிறாள். நெஞ்சு அடைத்துக்கொண்டால் எங்களுக்கெல்லாம் வாய் அப்படித்தான் போகும், அதில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. அவள் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. அன்று டாக்ஸியில் முன் இருக்கையில் நான் இருந்தேன், உன்னை மான்செஸ்டர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட. அந்த வண்டிக்குள் அவள் வாயைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் குனிந்து உன் பாஸ்போர்ட் வைத்திருந்த உறையைக் காலடியில் தேடிக்கொண்டிருந்தேன், அது என் கோட்டுப் பையிலேயே இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீ போகாமல் இருந்திருப்பாய் என்று சொல்லவில்லை, இறங்கி உள்ளே ஓடி அவளைக் கட்டிக்கொண்டுவிட்டுப் போயிருப்பாய், அது போதுமே. இரண்டு நாளாக அந்த உறையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் மனசுக்குள்.

படம் வெள்ளிக்கிழமையோடு போய்விடுகிறது. வசந்தத்தில் டிவியில் போட்டுப் பார்க்கிற டிவிடி தட்டாக வரும் என்கிறார் பஷீர். உங்கள் ஊர் அரங்குக்கு முன்னாலேயே வந்தால் போய்ப் பார், கிரஹாமையும் கூட்டிக்கொண்டு போ, இலோனாவைப் பார்க்காதே, அவள் இடது தோளுக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பார். உனக்குப் படிக்க வராது, பரவாயில்லை, என்ன சொல்கிறாள் என்பதுதான் இப்போது உன் கையில் எழுத்தாக இருக்கிறதே. அந்தப் பழுப்புக் கோட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவை மட்டும் நீ கேட்டாய், என்னை நீ கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானும் மாட்டிக்கொண்டிருப்பேன். இருபது வருஷமாக நீ வர முடியாது என்று சொல்லும்போதெல்லாம் நான் அதுக்கென்ன என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். அது பொய். சத்தத்தோடு சொன்ன பொய். உனக்கு உதடு படிக்கத் தெரியாது என்பதை உன் அம்மா ஒரு நிமிஷம் மறந்தாள், நான் மறக்கத் தயாராக இல்லை, அதனால் நல்ல கறுப்பு மையில் எழுதுகிறேன்: கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா லொரேன். உன்னைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை. அம்மாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பது போதும், நீயும் வந்து எதிரே உட்கார். வந்தால் அந்தப் பேச்சையும் சொல்லித் தருகிறேன், இனிமேல் நீ தறிக்குப் போய்விடுவாய் என்று பயப்பட யாரும் இல்லை.

கிரஹாமுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நெடுநாள் நல்ல உடம்போடும் ஒற்றுமையோடும் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் அதுவேதான், அவள் சார்பில் இனி நான் துணிந்து சொல்லலாம். இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடாதே. கடிதம் பத்து நாளில் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள், அதற்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உட்கார்ந்திருப்பேன். ஞாபகம் இருக்கட்டும், என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கிரஹாமிடம் சொல். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
கிளிஃப்